பீரோவுக்குள் முப்பத்தெட்டு வருஷம்

பீரோவுக்குள் நுழையும் முன் காதர் பாட்சா மூக்கை நன்றாகச் சிந்திக்கொள்வார். உள்ளே தும்மல் வந்தால் நாடகம் அம்போ! அரைமணி நேரம் குந்தியிருந்து, மூன்று தட்டு விழுந்ததும் கதவைத் தள்ளிக்கொண்டு, பஸ்ஸில் தூங்கி விழித்தவர் மாதிரி வந்து, "ஏங்க, நாகூர் வந்திருச்சா?" என்று கேட்கவேண்டும். மொத்த வேடமும் அவ்வளவுதான். அதற்குத்தான் கொட்டகை குலுங்கும். "ஒரே வசனம்தாங்க, ஆனா கடைசி வசனம்" என்று தன் குடைக்கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

விக்டோரியா ராணி காலத்து இங்கிலீஷ் ஓரங்க நாடகம் அது. அங்கே பீரோவில் ஒளிந்தவன் கப்பல் கேப்டன். காரைக்காலுக்கு வந்ததும் சைகோன் மாமா ஆனான். பிறகு துபாய் மச்சான். கேப்டன் தின்ற பன்றிக்கறியை, நெடுங்காட்டுக்காரர்களும் மரைக்காயர்களும் சேர்ந்து நடிக்கிற சபையில் யார் தொடுவார்கள்? காரைக்கால்மேட்டு வஞ்சிரம் வறுவலாக்கிவிட்டார்கள். இந்தச் சரித்திரமெல்லாம் பீரோக் கதவின் உள்பக்கம் இருக்கிறது. எந்த வருஷம், எந்த ஊர், யார் யார் நடித்தது என்று இடுக்கு வெளிச்சத்தில் காதர் பாட்சா பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். குரும்பகரத்தில் மழையால் பாதியில் நின்றதுகூட உண்டு. பீரோவுக்குப் பெயிண்ட் அடிக்கலாம் என்று யாராவது சொன்னால் போதும், மனுஷன் பதறிப்போவார்.

போன பொங்கலில்தான் வந்தது வினை. உள்ளே தூங்கிவிட்டார். மூன்று தட்டுக்குக் குறட்டைதான் பதில்! ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் வெட்கத்தில் ஒரு வாரம் கடை திறக்கவில்லை.

இந்த வருஷம் நாடகத்தை நடத்துகிற காலேஜ் டீச்சர் கீர்த்திகா தயங்கித் தயங்கிக் கடைக்கு வந்தாள். "மாமா, முழங்கால் வேற வலிக்குதுங்கிறீங்க. இக்பால் அண்ணன் உள்ள உட்காரட்டுமே. நீங்க முன்வரிசையில உட்கார்ந்து பாருங்க."

"செய் புள்ள, நல்லாருக்கும்" என்றார். வீட்டுக்குப் போய் மனைவி ஆஸியா பீவியிடம்தான் உடைந்தார். "ஒரே ஒரு வசனம் வச்சிருந்தேன். அதையும் புடுங்கிட்டாங்களே!"

இதில் இன்னொரு கூத்து. முப்பத்தெட்டு வருஷம் நடித்த நாடகத்தை அவர் ஒருதரம்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

பொங்கலன்று கொட்டகை வாசலிலேயே பழக்கதோஷத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டார். திரை விலகியது. யார் யாரோ ஓடினார்கள், கையை ஆட்டினார்கள். அவருக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். பீரோவுக்குள் கேட்டமாதிரி வசனம் மட்டும் காதில் விழுந்தது. அப்புறம்தான் எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்தது. முகத்தில் சிரிப்பும் வந்தது.

மேடையில் மூன்று தட்டு விழுந்தது. முன்வரிசையில் காதர் பாட்சா, கண்ணைத் திறக்காமலே, வலது கையை நீட்டி எதிரே இல்லாத கதவைத் தள்ளினார்.