கைக்கு ஒரு பேர் இருக்கு

அந்த ஞாயிறு காலை நம் இணையக் கூட்டத்துக்காக மேசையைத் துடைத்து, கைபேசியை ஒரு டின்னில் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தேன். நம் குழுவுக்கு ஒரு குரல்பதிவு வந்தது. கூட்டத்துக்கு நேரம் சொல்கிறார் சுகந்தி அக்கா என்று நினைத்துத்தான் திறந்தேன். பேசியது அவருடைய தம்பி. "அக்கா விடியக்காலம் நுவரெலியா ஆஸ்பத்திரியில தவறிட்டாங்க. சும்மா காய்ச்சல்னுதான் கொண்டுபோனோம்." அதன்பிறகு பதிவில் மழைச் சத்தம் மட்டும் இருந்தது.

இயந்திரங்களுக்குச் செய்முறைக் குறிப்பு எழுதும் நம்மை, ஆளுக்கொரு ஊரில் தனித்துக் கிடந்தவர்களை, ஒரு குழுவாக்கியவர் அவர். நான் அவரை முதலில் பார்த்தது ஹட்டனில், நான் டைப் செய்யும் கொமியூனிகேஷன் கடையில். செடிகளுக்கு மருந்தடிக்கும் டேங்க் ஒன்றுக்கான குறிப்பைக் கொண்டுவந்தார். நான் டைப் செய்து முடித்ததும் டேங்கையே மேசைமேல் வைத்தார்.

"இதுல உள்ளபடி மாட்டு புள்ள. நான் வாயே தெறக்க மாட்டேன்."

எழுதியிருந்தபடியே செய்தேன். தண்ணீர் பீய்ச்சி அவர் முகத்தில் அடித்தது. குழாயில் வாஷர் போடும் வரி, பம்ப் அடிக்கும் வரிக்குக் கீழே இருந்திருக்கிறது. முதலாளி என்னைத் திட்ட எழுந்தார். அக்கா முகத்தைத் துடைத்தபடி சிரித்தார். "புள்ள தப்பு பண்ணல அண்ணே. தாள் தப்பு பண்ணிருச்சு."

அதிலிருந்துதான் நம் கூட்டத்தின் வழக்கம் வந்தது. எழுதியவர் தன் பெயரைச் சொல்லிவிட்டு மௌனமாக இருக்க வேண்டும். இன்னொருவர் அந்தத் தாளைப் பார்த்துக் கமராவின் முன் செய்துகாட்ட வேண்டும். அந்த இன்னொருவர் பெரும்பாலும் நான்தான். என் கைகள் மட்டும் உங்களுக்குத் தெரியும். முகத்தை நான் காட்டியதில்லை. பட்டம், அனுபவம் என்று நீங்கள் அறிமுகம் செய்துகொள்ளும்போது, ஓ.எல். பரீட்சைகூட எழுதாமல் பள்ளியை விட்ட நான் என்ன சொல்வது?

ஒருநாள் உங்களில் ஒருவர் வேடிக்கையாகக் கேட்டார். "சுகந்தி, இந்தக் கை எந்தக் கம்பனி?"

எல்லோரும் சிரித்தீர்கள். அக்காவும் சிரித்தார். பிறகு, "கைக்கு ஒரு பேர் இருக்குங்க. அத அவதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்" என்றார். காத்திருந்தார். நான் மைக்கைத் திறக்கவில்லை. அவர் அடுத்த தாளுக்குப் போனார். பின்னர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

போன மாதம் அதே டேங்கைக் கழுவிக் காயவைப்பதற்கு நானே ஒரு குறிப்பு எழுதினேன். அக்கா கடை வாசலில் நின்றே படித்தார்.

"இத கூட்டத்துல வை. நான் கையா இருக்கேன்."

"வேணாங்க்கா."

"கொழும்புலருந்து ஒரு கம்பனிக்காரங்க வர்றாங்க. தமிழ்ல எழுத ஆள் தேடுறாங்க. வேலை தெரிஞ்சா மட்டும் போதாது புள்ள, தெரியும்னு நாலு பேருக்குத் தெரியணும்."

அவர் தவறிய ஞாயிறுதான் அந்தக் கூட்டம் நடக்க இருந்தது.

செத்த வீட்டுக்குப் போனபோது பின்பக்கக் குழாயடியில் அந்த டேங்க் கவிழ்ந்து கிடந்தது. என் தாள் மடித்து அதன் பிடியில் செருகியிருந்தது. மழையில் எழுத்துகள் ஊறியிருந்தன. அவர் ஒத்திகை பார்த்தாரா, ஏதாவது வரி அவரைத் தடுமாற வைத்ததா, இனி எனக்குத் தெரியாது. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

இப்போது கூட்டம் வரும் ஞாயிறுக்குத் தள்ளிப்போயிருக்கிறது. கம்பனிக்காரர்களும் வருகிறார்கள். அக்காவின் பழைய தாள் ஒன்றை அஞ்சலியாக வைக்கலாம், வழக்கம்போல் நான் கையாக இருந்தால் போதும் என்று குழுவில் எழுதியிருக்கிறீர்கள். அன்பாகத்தான் கேட்கிறீர்கள். மறுத்தால் செத்தவருக்கு மரியாதை இல்லை என்று நினைப்பீர்களோ என்று இரண்டு முறை "சரி" என்று எழுதி அழித்தேன்.

அன்று வேறு யாராவது கையாக இருங்கள். டேங்க் கழுவும் தாளை நான் வைக்கிறேன். நீங்கள் தடுமாறினாலும் குறுக்கே பேச மாட்டேன், தாளைத்தான் திருத்துவேன். அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த மௌனம்தான். ஆனால் அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு என்பதும் அவர் வைத்த வழக்கம்.

என் பெயர் தர்ஷினி. நான் ஹட்டனில் இருக்கிறேன். அந்தத் தாளை எழுதியது நான்.