மேம்பாலத்தில் ஜெசிந்தா டீச்சர்

ஜெசிந்தா டீச்சர் தவறிவிட்டார் என்று போன் வந்தபோது பள்ளியில் காலைப் பிரேயர் நடந்துகொண்டிருந்தது. முந்தின நாள்தான், "சனிக்கிழம ரெடியா இருங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனவர். மாரடைப்பு. எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் போகிற பழக்கமே அவருக்குக் கிடையாது.

கடலூரில் அவரிடம் கணக்குப் படித்தவர்களுக்கு அவருடைய அதட்டல் நினைவிருக்கும். பக்கத்து வகுப்பில் தமிழ் நடத்திய எனக்கு அவருடைய பழைய கார்தான் நினைவுக்கு வருகிறது.

அவர் கணவர் சேவியர் சாருக்குப் பக்கவாதம் வந்து ஒரு கால் விழுந்துவிட்டது. வாரா வாரம் சனிக்கிழமை சிதம்பரத்தில் பிசியோதெரபி. பஸ் படி ஏற அவரால் முடியாது; மகள் இருப்பதோ சென்னையில். டீச்சர் ஒரு கார் வாங்கி, ஐம்பதை நெருங்கும் வயதில் ஓட்டக் கற்றார். "யாராச்சும் வருவாங்கன்னு உக்காந்திருந்தா அவுரு படுத்தே கெடக்க வேண்டியதுதான்" என்றார்.

நம் பக்கம் எங்கே பார்த்தாலும் சமதரை. மேடு என்று ஒன்றை அந்த வண்டி முதலில் பார்த்தது ரயில்வே மேம்பாலத்தில்தான். பாதி ஏறியதும் முன்னால் ஒரு கரும்பு லாரி நின்றுவிட்டது. பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலேட்டரில் வைப்பதற்குள் கார் பின்னால் உருண்டது. பின்னால் வந்த பஸ் ஹாரனை அலறவிட்டது. சேவியர் சார் பயந்துபோய், "ஜெசி, வேணாம். வீட்டுக்கே போயிடலாம்" என்றார்.

"பாலத்துல எங்க திருப்பறது? சும்மா உக்காருங்க."

அடுத்த வாரமே காரில் ஒரு கட்டை ஏறியது. லாரிக்காரர்கள் சக்கரத்துக்குப் பின்னால் வைப்பார்களே, அதேதான். அதைப் போடுகிற வேலைக்கு என்னையும் ஏற்றிக்கொண்டார். பாலத்தில் வண்டி நின்றால் புடவையைச் செருகிக்கொண்டு குதித்துக் கட்டையைப் போடுவேன். வண்டி நகர்ந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடுவேன். ஸ்டாஃப் ரூமில் எனக்கு 'கிளீனர் டீச்சர்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். பிறகு அவர் கிளட்சிலேயே வண்டியை நிறுத்திக் கிளப்பக் கற்றுக்கொண்டார். ஆனாலும் கட்டையையும் என்னையும் விடாமல் கூட்டிப்போனார்.

போன லீவுக்கு மகள் கொண்டுவந்த புதுக் காரை டீச்சர் அதே பாலத்தில் நிறுத்தி, பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். கார் அசையவில்லை. மேட்டில் கிளம்பும்போது பிரேக்கை அதுவே ஓரிரு நொடி பிடித்துவைத்து, என்ஜின் இழுத்ததும் விட்டுவிடுமாம்.

"கட்டைய வண்டிக்குள்ளயே வெச்சிட்டானுங்க டீச்சர்! ஒங்க வேல போச்சு" என்று சிரித்தார். உடனே, "ஆனா ஜாஸ்தி நேரம் புடிச்சி வெக்காது. அதுக்குள்ள நாமதான் கௌம்பணும்" என்றும் சொன்னார்.

அடக்கம் முடிந்து அவர்கள் வீட்டுக்குப் போனபோது, சேவியர் சார் கைத்தடியோடு அந்தப் பழைய கார் பக்கத்தில் நின்றிருந்தார். "இனிமே சனிக்கிழம ஏது டீச்சர்" என்றார். எனக்குத் தாங்கவில்லை.

"நான் ஓட்டறேன் சார். நாளைக்கே டிரைவிங் ஸ்கூல்ல சேர்றேன்."

"நீங்க ஓட்டுனா கட்டைய யாரு போடறது?"

அதை நான் யோசிக்கவே இல்லை. அவர் கைத்தடியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "சரி, ஓட்டுங்க. நான் எறங்கிப் போடறேன்" என்றார்.

இப்போது கிளட்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். கட்டையை அவரிடம் கொடுத்துவிட்டேன். ஜெசிந்தா டீச்சரின் சனிக்கிழமைகளை நான் வைத்துக்கொள்கிறேன்.