நங்கூரம் இளைத்த வருடம்

எவிலாசியோவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவன் எடையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அதற்கெல்லாம் அவன் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை. நூற்று முப்பது கிலோ. பிராசிகாபா ஊருக்குப் போகும் நெடுஞ்சாலையோரம் பஞ்சர் கடை வைத்திருக்கிறான். ஒரு கையால் லாரி டயரை உருட்டிக்கொண்டு வருவான், இன்னொரு கையில் சீஸ் ரொட்டி இருக்கும். நாங்கள் பாராசூட் கட்டிக் குதிக்கும் மைதானத்துக்கு முதன்முதலில் அவன் வந்ததே விமானத்துக்கு எண்ணெய் கொண்டுவந்த வண்டிக்கு டயர் மாற்றத்தான். வேலை முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டே, "நானும் ஒரு தடவை மேலேர்ந்து குதிச்சுப் பாக்கலாமா?" என்று கேட்டான். அன்றைக்குப் பிடித்த பைத்தியம், பதினெட்டு வருடமாகியும் தெளியவில்லை.

எனக்கும் அதே பைத்தியம்தான். நான் சொராய்டே. லிமெய்ராவில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். வாய் கொஞ்சம் நீளம் என்று சொல்வார்கள். நாள் முழுக்கப் பிள்ளைகளை மேய்க்கிறவளுக்கு வாய் நீளாமல் வேறென்ன நீளும்?

ஜூலை மாதம், எங்கள் பக்கத்துக் குளிர்காலத்தில், கரும்பு வெட்டு நடக்கும்போது எங்கள் பெரிய கூடுகை வரும். மழை இருக்காது, காலையில் பல் கிட்டும் குளிர், பத்து மணிக்கு மேல் துடைத்துவிட்ட வானம். விமானக் கொட்டகையைச் சுற்றிக் கூடாரம் போட்டுக்கொள்வோம். வக்கீலும் வருவார், வெல்டிங் வேலை செய்கிறவனும் வருவான். என்ன உத்தியோகம் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. எத்தனை தடவை குதித்திருக்கிறாய் என்பதுதான் கேள்வி. மதியம் பெரிய சட்டியில் கறுப்பு பீன்ஸ் கொதிக்கும், ஒருத்தர் தட்டிலிருந்து இன்னொருத்தர் எடுத்துத் தின்போம். பகலெல்லாம் கேலியும் சண்டையும்தான். ஆனால் விமானத்தில் ஏறிக் கதவு திறப்பதற்கு முன்னால், அடித்துக்கொண்டவர்கள்கூட உள்ளங்கையைத் தட்டி, முஷ்டியை முஷ்டியோடு முட்டிக்கொள்வார்கள். அதைச் செய்யாமல் எவரும் குதித்து நான் பார்த்ததில்லை.

கூடுகையின் முக்கிய வேலை 'பூ'. நாற்பது பேர் வானத்தில் கைகோர்த்து விழுவதற்கு நாங்கள் வைத்த பெயர் அது. முதலில் நாலைந்து பேர் சேர்ந்து நடுவை அமைப்போம். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பறந்துவந்து கையையோ காலையோ பிடித்துக்கொள்வார்கள். நடு என்ன வேகத்தில் விழுகிறதோ, அதே வேகத்தில்தான் எல்லோரும் விழ வேண்டும். கனத்த ஆள் வேகமாக விழுவான், ஒல்லி மெதுவாக விழுவாள். அதனால் ஒல்லிகள் இடுப்பில் ஈயப் பட்டை கட்டிக்கொள்வார்கள். ரொம்ப வருடமாக எங்கள் நடு எவிலாசியோ. அவன் வேகம்தான் கணக்கு, அதற்குத் தக்கபடி மற்றவர்கள் ஈயம் கட்டுவார்கள். யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நங்கூரம் என்றுதான் கூப்பிடுவார்கள்.

இந்த வருடம் நங்கூரம் தாடியோடு வந்து இறங்கினான். முகத்தை மறைக்கிற அளவுக்குத் தாடி. குதிக்கும் உடை பானை போல உப்பியிருந்தது. "என்னடா, சாமியாராகப் போறியா?" என்று கேட்டேன். சிரித்து மழுப்பிவிட்டான்.

முதல் குதிப்பிலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நடுவில் எப்போதும் அவன் இடது கை எனக்கு. வழக்கம்போல மணிக்கட்டைப் பிடித்தேன். என் கட்டைவிரலும் நடுவிரலும் ஒன்றையொன்று தொட்டன. இத்தனை வருடத்தில் அது நடந்ததே இல்லை. காதில் காற்றின் இரைச்சலும் குறைவாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் வருகிறவர்கள் யாருமே எங்கள் உயரத்தில் நிற்கவில்லை. எல்லோரும் எங்களைத் தாண்டிக் கீழே வழுக்கிக்கொண்டு போனார்கள். எல்லோரையும்விடக் கீழே போனவள் லுசினேயா. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கும் பெண், கிள்ளினால் சதை வராது. அவளுக்கு இதுதான் முதல் பெரிய பூ.

கீழே போனவர் திரும்ப மேலே ஏறி வர முடியாது. விலகிப் பறந்துபோய்த் தனியாகப் பாராசூட்டைத் திறந்துகொள்ள வேண்டியதுதான். பூ கலைந்தது.

இறங்கியதும் எவிலாசியோவைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

"டேய், எங்கடா போச்சு உன் உடம்பு?"

"மெதுவா பேசு தாயே."

"நான் மெதுவா பேசுறவளா? சொல்றியா, ஊரைக் கூட்டவா?"

"சக்கரை ஏறிப்போச்சு, சொராய்டே. இப்படியே போனா காலை எடுக்க வேண்டி வரும்னு டாக்டர் சொல்லிட்டார். பிப்ரவரியில கார்னவல் திருவிழா முடிஞ்சதுலேர்ந்து கீரையும் வேகவெச்ச கோழியும்தான். முப்பது கிலோ போயிருச்சு."

"அட மடையா, நல்ல சேதிதானே! இதையா மூடி மறைச்ச?" என்று முதுகில் ஓர் அறை விட்டேன். மெத்தையில் அறைந்த மாதிரி இருந்தது. "உள்ள என்னடா போட்டிருக்க?"

"ரெண்டு ஸ்வெட்டர்." கொஞ்சம் தயங்கினான். "அப்புறம் என் மச்சானோட மழைக்கோட்டு."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரித்து ஓய்ந்ததும் கோபம் வந்தது. "துணி கூடினா காத்து இன்னும் தாங்குமே, இன்னும் மெதுவால்ல விழுவ? நேத்து வந்த பசங்களுக்கே இது தெரியும். உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"வீட்டுக் கண்ணாடியில பாத்தேன். பழைய ஆளு மாதிரி இருந்துச்சு. மத்ததெல்லாம் மறந்துபோச்சு." குனிந்து புல்லைப் பிடுங்கினான். "தார்சீசியோவுக்குத் தெரிஞ்சா என்னை நடுவுலேர்ந்து எடுத்துருவான். கடையில நான் யாரு சொல்லு? 'ஏய் பஞ்சரு'ன்னு ஹாரன் அடிச்சுக் கூப்பிடுறாங்க. இங்க நாப்பது பேரு என்னைத் தேடிப் பறந்து வர்றாங்க. அந்த இடமும் போச்சுன்னா எனக்கு இங்க என்ன வேலை?"

பாவமாக இருந்தது. ஆனால் விஷயம் அவனோடு நின்றிருந்தால் பரவாயில்லை.

தார்சீசியோ எங்கள் பூவுக்குத் தலைவர். பல் டாக்டர். பல்லைப் பிடுங்குகிற அதே முகத்தோடுதான் பூவையும் நடத்துவார். மதியம் இரண்டாம் தடவை குதித்தோம். பூ மறுபடியும் கலைந்தது. கொட்டகையில் எல்லோரும் உட்கார்ந்து படம் பார்த்தோம். தலைக்குமேல் கேமரா கட்டிய ஒருவர் எடுத்தது. இந்தத் தடவை மற்றவர்கள் கையைக் காலை விரித்துத் தள்ளாடியாவது சமாளித்தார்கள், ஆனால் கண்ணில் பளிச்சென்று பட்டது லுசினேயாதான். ஒல்லி, ஈயத்தை முழுசாகக் கட்டியிருக்கிறாள், கல் மாதிரி இறங்குகிறாள்.

"ஈயத்தைக் கொஞ்சம் கழட்டிப் பாக்கவா, சார்?" என்று அவள் கேட்டாள்.

"நங்கூரத்தோட வேகத்துக்குக் கணக்குப் போட்ட ஈயம்மா அது. கணக்கு சரி. நீ பறக்கிறதுதான் சரியில்ல" என்றார் தார்சீசியோ. "ரெண்டு தடவை கீழ போயிட்ட. காலையில வேற ஆள் நிக்கட்டும்."

இரண்டு தடவை கீழே போனால் உட்கார வேண்டும், எதிர்ப்பேச்சு பேசக் கூடாது. அது எங்கள் வழக்கம். அவளும் தலையாட்டிவிட்டு எழுந்து போனாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் கூடாரத்துக்குப் போனேன். பட்டையிலிருந்து ஈயக் கட்டிகளை உருவி உருவிப் புல்லில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன தப்பு பண்ணேன்னே புரியல, சொராய்டே அக்கா. கண்ணு முன்னாடி நீங்கல்லாம் மேல போயிட்டே இருந்தீங்க. நான் இதுக்கு லாயக்கில்லையோ என்னவோ."

என் நாக்கு நுனிவரை வந்தது. கடித்துக்கொண்டேன். நேராகப் போய் எவிலாசியோவின் கூடாரத்தில் மொத்தத்தையும் கொட்டினேன். அவன் தட்டில் கோழித்துண்டும் கீரையும் அப்படியே இருந்தன.

"அந்தப் பொண்ணு தன்னையே நொந்துக்கிட்டு உக்காந்திருக்கா. உன் மழைக்கோட்டுக்கு அவ பலியா? காலையில வரைக்கும் பாப்பேன். நீ சொல்லலைன்னா நான் சொல்லிருவேன், ஆமா."

"சொல்லு" என்றான். அவ்வளவுதான். நான் எழுந்து வந்துவிட்டேன்.

காலையில் தரை ஒத்திகை. மேலே செய்யப்போவதை முதலில் புல்லில் நடந்து பார்ப்போம், குனிந்து, மெல்ல நடந்துவந்து ஒருவரையொருவர் பிடித்துக்கொள்வோம். நாங்கள் நடுவில் நின்றோம். ஒவ்வொருவராக வந்து பிடித்தார்கள். லுசினேயாவின் இடத்துக்கு ஒரு புது ஆள் வந்தான். அவள் தூரத்தில் காபிக் குவளையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

எவிலாசியோ என் கையை விட்டான்.

"தார்சீசியோ, ஒரு நிமிஷம்."

உடையின் ஜிப்பைக் கழுத்திலிருந்து இடுப்புவரை இறக்கினான். மழைக்கோட்டை உருவிப் புல்லில் போட்டான். அப்புறம் ஒரு ஸ்வெட்டர், அதன்மேல் இன்னொன்று. கூட்டம் சிரித்தது, ஒருவன் சீட்டியடித்தான். "இன்னும் இருக்காடா? பெட்ஷீட் எங்க?" என்று யாரோ கத்தினார்கள். எல்லாம் கழற்றி முடித்து, பழைய உடை சாக்குப்பை மாதிரி தொங்க, எவிலாசியோ நின்றபோது சிரிப்பு நின்றுபோனது. எல்லோரும் குதிக்கிறவர்கள். கணக்கு அவரவர் தலைக்குள் ஓடியது.

"முப்பது கிலோ" என்றான். "அந்தப் பொண்ணு சரியாத்தான் பறந்துச்சு. நான்தான் மிதந்தேன். என்னை உக்கார வை. அவளைக் கூப்பிடு."

தார்சீசியோ அவனை ஏற இறங்கப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவும் செய்தார், குறைச்சலாக. "கழுதை. ரெண்டு குதிப்பு வீணாப்போச்சு." பிறகு சுற்றிப் பார்த்து, காம்பினாஸிலிருந்து வந்த தொந்தி வக்கீலைக் கைகாட்டி நடுவுக்கு வரச் சொன்னார். லுசினேயாவைப் பார்த்து, "ஈயத்தைத் திரும்பக் கட்டும்மா. நேத்து நான் சொன்னது தப்பு" என்றார். எவிலாசியோவிடம், "நீ எங்கடா போற? ரெண்டாவது விமானம், வெளி வட்டம், கடைசி ஆளு. லுசினேயாவோட காலைப் பிடிக்கணும்."

எவிலாசியோவின் முகம் வெளுத்துப்போனது. "நான் யாரையும் தேடிப் பறந்து வருஷக்கணக்காச்சு, தார்சீசியோ. எல்லாரும்ல என்கிட்ட வருவாங்க."

"இப்ப நீ வா" என்றார் அவர்.

மேலே போனோம். நடுவை அமைத்தோம். வக்கீலின் கை சரியான கனம், காற்று பழையபடி இரைந்தது. ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். லுசினேயா அளவெடுத்தது போல எங்கள் மட்டத்தில் வந்து நின்று, நோகாமல் பிடித்தாள். அவள் முகத்தைப் பார்த்து எனக்கே சந்தோஷம் தாங்கவில்லை. கடைசி ஆள் மட்டும் வரவில்லை. நேரம் முடிந்தது, எல்லோரும் பிரிந்து பாராசூட்டைத் திறந்தோம்.

இறங்கிய கையோடு லுசினேயா ஓடிவந்தாள். "எவிலாசியோ அண்ணே! காலை நீட்டிக்கிட்டே இருந்தேனே, எங்க போனீங்க? கீழயா போனீங்க?"

"இல்லம்மா. மேலயே இருந்தேன். கை நீட்டினா பிடிச்சிருக்கலாம்." குதிக்கும்போது போடும் கண்ணாடிக்குள் அவன் கண்ணெல்லாம் தண்ணீர். "பாத்துக்கிட்டே இருந்துட்டேன். எத்தனை நிறம் தெரியுமா? அப்படியே மெதுவா திரும்புது. இத்தனை வருஷம் இதுக்கு நடுவுலயா நான் இருந்தேன்? யாரும் எனக்குச் சொல்லவே இல்லையே!"

நடுவில் இருக்கிறவன் எதிரில் இருக்கும் நாலைந்து முகங்களைத்தான் பார்க்கிறான் என்பது எங்களுக்கும் அப்போதுதான் உறைத்தது. தார்சீசியோ வந்து நின்றார். ஒரு தடவை பிடிக்காவிட்டாலே எப்படித் திட்டுவார் என்று எல்லோருக்கும் தெரியும்.

"மதியம் திரும்ப ஏறுறோம்" என்றார். "கொஞ்ச நேரம் பாரு. அப்புறம் பிடி."

மதியம் ஏறினோம். வெளி வட்டத்தில் யாராவது வந்து பிடித்தால், கையிலிருந்து கைக்கு ஒரு சின்ன இழுப்பு ஓடிவந்து நடுவைத் தொடும். ஒவ்வொன்றாக வந்தது. எல்லோரும் வந்தாகிவிட்டது, ஒரு இடம் மட்டும் பாக்கி. வானத்தில் கொஞ்ச நேரம் என்பது மிகக் கொஞ்சம். பார்க்கட்டும், பாவி, நன்றாகப் பார்க்கட்டும் என்று காத்திருந்தேன். அப்புறம் அந்த இழுப்பு வந்தது, மெத்தென்று, தோள்வரை. "வந்துட்டான்டா!" என்று வக்கீலின் முகத்துக்கு நேரே கத்தினேன். காற்றில் அவருக்கு ஒன்றும் கேட்டிருக்காது. ஆனாலும் அவர் சிரித்தார்.