நான் கட்டிய திருட்டுப் பட்டம்

சிறுசேரியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பொழுதுபோக்காகத் தமிழ் மென்பொருள் எழுதுபவர்களின் மின்னஞ்சல் குழு ஒன்றில் இருந்தேன். திருப்போரூரில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த முரளி, எழுத்துரு மாற்றும் புரோகிராம் ஒன்றைக் குழுவில் வெளியிட்டார். அதில் ஒரு பகுதிக்கு ‘சுண்டல்’ என்று பெயர். நான் அதற்கு முன்பே குழுவில் வெளியிட்டிருந்த என் புரோகிராமிலும் அதே பெயர், அதே வரிகள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “முரளி என்னுடையதைத் திருடிவிட்டார்” என்று குழுவுக்கே எழுதினேன். ஆளாளுக்கு அவரைக் காய்ச்சி எடுத்தார்கள்.

மறுநாள் அவரே போன் செய்தார்.

“இன்னா மேடம், மாமல்லபுரத்துல குரூப் மீட்டிங் முடிஞ்சி, பீச்சுல சுண்டல் துன்னுகினே உங்க லேப்டாப்புல அத்த எழுதிக் குடுத்ததே நான்தானே?”

எனக்குச் சுருக்கென்றது. அன்று என் புரோகிராம் ஓடாமல் நின்றதும், அவர் சிரித்துக்கொண்டே அந்தப் பெயரை வைத்ததும் ஞாபகத்துக்கு வந்தன. “சாரி முரளி” என்றேன்.

“திட்னது ஊருக்கே, சாரி மட்டும் என் காதுக்கா?” என்று வைத்துவிட்டார்.

உடனே குழுவில் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அதற்குள் அவர் குழுவை விட்டே போயிருந்தார்.

இப்போதெல்லாம் யார் உதவினாலும் புரோகிராமின் முதல் வரியிலேயே அவர் பெயரை எழுதிவிடுகிறேன். சந்தேகம் வந்தால் சம்பந்தப்பட்டவருக்குத்தான் முதல் போன். முரளி மட்டும் இன்றுவரை என் போனை எடுப்பதில்லை.

- ஒரு வாசகி, செங்கல்பட்டு