மடியில் வைத்திருந்த பிள்ளை

நான் குடும்பநல உத்தியோகத்தர். கரவெட்டிப் பக்கத்தில் வேலை. பிள்ளைகளை நிறுக்கக் கிளினிக்குக்கு வரும் தாய்மாரைப் பிடித்து வைத்து, காரில் பிள்ளையை மடியில் கொண்டுபோகாதீர்கள், அதற்கென்று இருக்கை வாங்கிப் பூட்டுங்கள் என்று பாடம் எடுப்பேன். பத்துக் கிலோ அரிசிப் பையை ஒருத்தியின் மடியில் வைத்து இறுக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, முன்னால் நின்று வெடுக்கென்று இழுப்பேன். பை நிலத்தில் கிடக்கும். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அரியாலையில் இருக்கும் என் தம்பிக்கு மகள் பிறந்தபோது, கொழும்பிலிருந்து அப்படியொரு இருக்கையை எடுப்பித்துக் கொடுத்தேன். அதில் இருந்தால் அவளுக்கு யன்னல் எட்டும். இரண்டு காலையும் உதைத்துக்கொண்டு தெருவில் போகிற ஆடு மாட்டையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு வருவாள். ஒன்றரை வயது. மாமி என்று சொல்ல வராது, என்னை "மாயி" என்பாள்.

ஆடி அமாவாசை அன்று காலை, அப்பாவுக்குப் பிதிர்க்கடன் செய்யத் தம்பியின் காரில் கீரிமலைக்கு வெளிக்கிட்டோம். தம்பி, அவன் மனைவி, பிள்ளை, நான். கேற்றைத் திறந்தால் பெரியம்மாவும் பெரியப்பாவும் குளித்து, விரதத்தோடு, எள்ளும் தர்ப்பையும் பையில் எடுத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"கார் கீரிமலைக்குத்தானே போகுது. நாங்களும் வாறம்" என்றார் பெரியம்மா.

அது கேள்வியில்லை. பிதிர்க்கடனுக்குப் போகிற வாகனத்தில் இடமில்லை என்று எங்கள் குடும்பத்தில் ஒருவரும் சொன்னதில்லை. மூத்தவர்களை வாசலில் விட்டுவிட்டுப் போனால் செய்த கடன் சேராது என்பார்கள். அதைவிட, இனி வரும் கலியாணவீடு செத்தவீடு எல்லாவற்றிலும் அந்தக் கதை வந்து நிற்கும்.

தம்பி என்னைப் பார்த்தான். நான் பஸ்ஸில் போயிருக்கலாம். அந்த எண்ணம் எனக்கு வரவேயில்லை. கதவைத் திறந்து, இருக்கையின் பட்டியைக் கழற்றி, அதைத் தூக்கிக்கொண்டுபோய் விறாந்தையில் வைத்தேன்.

"மச்சாள், சீற் இல்லாமலே போறது?" என்று தம்பியின் மனைவி மெல்லக் கேட்டாள்.

"கொஞ்ச நேர ஓட்டம்தானே. நான் மடியிலை இறுக்கி வைச்சிருக்கிறன்."

கிளினிக்கில் எவளாவது இப்படிச் சொன்னால் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்பவள் நான்.

பெரியப்பா முன்னால் ஏறினார். பின்னால் நடுவில் நான், என் மடியில் பிள்ளை. மல்லாகம் தாண்டியதும் ஒரு கட்டாக்காலி மாடு ஒழுங்கையிலிருந்து தெருவுக்குப் பாய்ந்தது. தம்பி அதை விலத்தக் காரை வெட்டித் திருப்பினான். கார் மதகில் போய் இடித்தது. பெரியவர்களுக்குச் சிராய்ப்புத்தான். என் இரண்டு கையும் கட்டிப் பிடித்தபடியே இருந்தன. அதற்குள் பிள்ளை இல்லை. முன் சீற்றுகளுக்கு நடுவால் போய் அடிபட்டுக் கிடந்தாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள்.

செத்தவீட்டில் பெரியம்மா, "விதி, பிள்ளை. ஆர் என்ன செய்யிறது" என்று என் முதுகைத் தடவினார். அவரைப் பிடித்துத் தள்ள வேண்டும்போல இருந்தது. விதி வந்து பட்டியைக் கழற்றவில்லை. தம்பி மட்டும் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பேன்.

சில மாதம் கழித்துப் பாடத்தைத் திரும்பத் தொடங்கினேன். அரிசிப் பையைத் தொட மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக, "எனக்குத் தெரிஞ்ச ஒரு வீட்டிலை" என்று நடந்ததைச் சொல்வேன்; பிள்ளை ஒருத்தியின் மடியில் இருந்ததை மட்டும் விட்டுவிடுவேன். யார் இருக்கையைக் கழற்றியது என்று ஒருத்தி கேட்டபோது, "தேப்பன்தான், அவசரத்திலை" என்று வாயில் வந்துவிட்டது. பிறகு ஒவ்வொரு முறையும் அப்படியே தம்பியின் தலையில் போட்டேன். சொல்லச் சொல்ல அது எனக்குச் சுலபமாகிக்கொண்டு வந்தது. இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

தம்பியின் மனைவி மறுபடி பிள்ளை வயிற்றோடு இருந்தாள். அவளுடைய தாய் தகப்பன் என் பகுதிக்குப் புதிதாகக் குடிவந்திருந்தார்கள். அங்கே வந்து நின்றவள், ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கிளினிக்குக்கு வந்து கடைசி வாங்கில் இருந்துவிட்டாள். நான் அவளைக் கண்டபோது கதையைச் சொல்லி முடித்திருந்தேன்.

"கழட்டினது தேப்பன் இல்லை" என்றாள், குரலை உயர்த்தாமல். "ஆர் எண்டு சொல்லுங்கோ மச்சாள். உங்கடை தம்பி இண்டைக்கும் அந்தக் காரிலை ஏறுறேல்லை."

எல்லோரும் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மேசையைப் பிடித்துக்கொண்டு, கழற்றியது நான் என்று சொன்னேன். அது என் தம்பியின் பிள்ளை என்றும் சொன்னேன்.

முன்னால் இருந்த ஒரு இளம் தாய்க்கு என்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். தன் கைக்குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கேட்டாள்:

"ஆரும் மடியிலை வடிவா இறுக்கிப் பிடிச்சிருந்தால் தப்பியிருக்கும் என்ன, மிஸ்?"

"நான்தான் பிடிச்சிருந்தனான்" என்றேன். "இறுக்கித்தான் பிடிச்சிருந்தனான்."