வெளிச்சம் பட்ட பிலிம்

திருகோணமலை நகரில் ஒரு சிறிய பல் மருத்துவமனை. அங்கே எக்ஸ்ரே எடுப்பவர் கனகரத்தினம். யுத்தத்தின் கடைசி ஆண்டுகளில் அவர் எக்ஸ்ரே எடுத்ததைவிட நடந்ததே அதிகம். பிலிம் கழுவும் மருந்தை இராணுவத்தினர் வழியில் மறித்துவிட்டார்கள். அதில் குண்டு செய்யலாமாம். எடுத்த பிலிமைச் சோதனைச் சாவடி தாண்டிக் கொண்டுபோய், மருந்து மிச்சமிருந்த வேறோர் இருட்டறையில் கழுவ வேண்டியிருந்தது. இதை விதி என்பார்கள் சிலர். விதியல்ல. அது ஓர் உத்தரவு. அதில் கையெழுத்திட்டவருக்குப் பல் வலித்தால் அவர் எந்தச் சாவடியிலும் நிற்கப்போவதில்லை.

அன்று தோப்பூர் வயற்காரர் ஜவாஹிர் வந்திருந்தார். கீழ்த்தாடை ஞானப்பல் சாய்ந்து முளைத்து, சீழ் வைத்து, வாய் பாதி பூட்டிக்கொண்டது. கண்டியிலிருந்து வந்திருந்த அறுவை டொக்டர் மாலையில் திரும்பிவிடுவார். வேர் நரம்புக்கு எவ்வளவு கிட்ட நிற்கிறது என்று பார்க்காமல் கத்தி வைக்க அவர் தயாரில்லை. நரம்பு வெட்டுப்பட்டால் உதடு காலம் முழுக்க மரத்துப்போகும்.

பக்கத்துத் தெருத் தனியார் கிளினிக்கில் புதிதாக டிஜிட்டல் மெஷின் இருந்தது. கழுவும் வேலையில்லை, படம் உடனே கம்பியூட்டரில் தெரியும். கனகரத்தினம் ஜவாஹிரை முதலில் அங்கேதான் கூட்டிப்போனார். ஆனால் வாய்க்குள் வைக்கும் சென்சர் தடித்தது, வளையாதது. கடைவாய்க்கு எட்டவில்லை. திரையில் பல்லின் தலை தெரிந்தது. வேர் நுனி இல்லை.

"என்ட வாயென்ன நெல் மூட்டையா ஐயா, இந்தக் கட்டையக் குத்தி இறக்க?" என்று பல்லைக் கடித்தபடியே கேட்டார் ஜவாஹிர்.

திரும்பி வந்தார்கள். பிலிமைப் பொதிந்த மெல்லிய உறையான பக்கெட்டின் ஓரத்தைச் சற்று வளைத்ததும் அது உள்ளே போனது. கனகரத்தினம் படமெடுத்து, பக்கெட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

சாவடியில் புதிய சிப்பாய். பக்கெட்டை அமுக்கிப் பார்த்தான்.

"உள்ளே தகடு?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டான்.

"ஓம், ஈயத்தகடு. தயவுசெய்து திறக்காதேங்கோ. வெளிச்சம் பட்டால் படம் போயிடும்."

திறக்காதே என்றதும் திறந்தான். பிலிமை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"படம் எங்கே? நீ பொய் சொல்றது!"

கனகரத்தினம் பாழான பிலிமை வாங்கிப் பையில் போட்டார். வந்த வழியே திரும்பினார்.

"இன்னொருக்கா வாயைத் திறக்க ஏலாது ஐயா," என்றார் ஜவாஹிர். கண்ணில் நீர் நின்றது.

"எனக்கும் நடக்க ஏலாது, தம்பி. கொஞ்சம் திறவுங்கோ."

மறுபடியும் எடுத்தார். ஒரே தாடையில் ஒரே நாளில் இன்னொரு தடவை கதிர். இம்முறை அலுமாரியிலிருந்து காலாவதியான பக்கெட் ஒன்றை எடுத்து, படமெடுத்த பக்கெட்டின் மேல் வைத்தார். சாவடியில் இரண்டையும் சேர்த்து நீட்டினார்.

"திறந்து பாருங்கோ, சேர்."

சிப்பாய் மேலே இருந்ததைக் கிழித்தான். அதே தகடு, அதே கறுப்புக் கடதாசி. மற்றதில் விரலை வைத்தான். பின்னால் ஒரு லொறி ஹோர்ன் அடித்தது. பக்கெட்டை அவர் கையில் எறிந்துவிட்டு லொறிப் பக்கம் போனான்.

இருட்டறைச் சிவப்பு விளக்கில் வேர் மெதுவாகத் தெரிந்தது. அதற்கும் நரம்புக் குழாய்க்கும் நடுவே நூலளவு எலும்பு. கனகரத்தினம் திரும்பி வந்து நீட்டிய ஈரப் பிலிமை டொக்டர் வாங்கி நெடுநேரம் பார்த்தார். வேர் நரம்பில் உரசாதிருக்கப் பல்லை இரண்டாகப் பிளந்து வெளியே எடுத்தார்.

மாலையில் மரப்பு ஊசியின் விறைப்பு இறங்கியதும் கனகரத்தினம் ஜவாஹிரின் கீழ் உதட்டைக் கிள்ளினார்.

"நோகுதா?"

"அல்லாவே! நல்லா நோகுது!"

கனகரத்தினம் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாளைக்குப் படமெடுக்க இன்னும் மூன்று பேர் இருந்தார்கள்.