மாரிமுத்து என்கிற நமது நிருபர்

மூன்று நாளாக என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நான் செய்தி ஆசிரியராக வேலை பார்த்த பத்திரிகைக்கு ஐம்பது வயதாகிறதாம். முதலாளியின் பேரன் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தான்: "அங்கிள், பொன்விழா மலருக்கு நல்ல மெமரி ஒண்ணு எழுதிக் குடுங்க." துடியலூர் வீட்டு மொட்டை மாடியில் ஏறுகிறேன், நடக்கிறேன், இறங்குகிறேன். முட்டி தேய்ந்துவிடும் என்கிறாள் மனைவி.

நல்ல மெமரி என்றதும் மூக்குக்கு முதலில் வந்தது அச்சு மையும் தேங்காய் எண்ணெயும் கலந்த வாசனை. எண்ணெய் எங்கிருந்து என்கிறீர்களா? முதலாளிக்குக் காங்கேயத்தில் எண்ணெய் மில். பருத்தி விலை விழுந்ததை எந்தப் பேப்பரும் எழுதவில்லை என்ற கோபத்தில், கோயமுத்தூரில் எண்ணெய் டின் அடுக்கியிருந்த குடோனிலேயே அச்சு இயந்திரத்தை இறக்கிவிட்டார். அப்போதெல்லாம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களோடு உட்கார்ந்து புரூஃப் பார்ப்பார். பிறகு நூல் மில் வந்தது, அப்புறம் இன்ஜினீயரிங் காலேஜ். பருத்தி மூன்றாம் பக்கத்துக்குப் போனது, முதல் பக்கத்துக்குக் காலேஜ் விளம்பரம் வந்தது. நான் குறை சொல்லக் கூடாது. என் மகளும் அங்கேதான் படித்தாள்.

வெளியூர்ச் செய்திகள் பஸ்ஸில் வரும். நிருபர் கவரை டிரைவரிடம் கொடுத்தால், காந்திபுரத்தில் நாங்கள் வாங்கிக்கொள்வோம். சின்ன ஊர்களில் பேப்பர் ஏஜென்ட்தான் நிருபரும். அன்னூருக்கு வடக்கே ஓர் ஊரில் எங்களுக்கு மாரிமுத்து. ஊர் டீக்கடையில் தன் தெருக்காரர்களுக்குத் தனி டம்ளர் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு நாள் எழுதி அனுப்பியிருந்தார். முதலாளி வெளியூர் போயிருந்தார். துணிந்து போட்டுவிட்டேன். பெயர் போட்டால் அவருக்கு ஆபத்து என்று, பெரிய புத்திசாலியாட்டம், 'நமது நிருபர்' என்று போட்டேன். அந்த ஊரில் நமது நிருபர் ஒரே ஒருவர்தான் என்பதும், விடிந்தால் அந்தப் பேப்பரை அவரேதான் வீடு வீடாகப் போட வேண்டும் என்பதும் எனக்கு உறைக்கவே இல்லை.

ஊரே பேப்பரை நிறுத்தியது. திரும்பி வந்த முதலாளி கூப்பிட்டார்.

"ஏங்கண்ணு, நெசமாவே இருக்கட்டும். நம்ம சனந்தான காலேஜுக்குப் புள்ளைகள அனுப்புது? ஏஜென்ட்ட மாத்திப்போட்டு, செய்தி தப்புன்னு நாலு வரி எழுதிருங்க."

எழுதினேன்.

அடுத்த வாரம் மாரிமுத்து ஆபீசுக்கே வந்தார். சத்தம் போடவில்லை.

"ஏஜென்சி போனாப் போகுதுங்க. நாஞ் சொன்னது பொய்யின்னு போட்டுட்டீங்களே. நெசந்தான்னு நாலு வரி போட்டுருங்க, போதும்."

"பாக்கலாமுங்க" என்றேன். டீ சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று போய்விட்டார். இருபத்தைந்து வருடமாகப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

மலருக்கு இதைத்தான் எழுதி அனுப்பினேன். பேரனின் பதில் உடனே வந்தது: "சூப்பர் அங்கிள். அந்த டம்ளர் மேட்டர மட்டும் எடுத்தரலாமுங்களா? அட்மிஷன் டைம்."

மூன்று நாள் ஏறி இறங்கினேன். இனிமேல் எனக்கு என்ன, வேலையா போய்விடும்? ஆனாலும் இன்று காலை, "எடுத்துரு கண்ணு" என்று அனுப்பிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் உங்களிடமாவது சொல்கிறேன்.

குடோன் இருந்த இடத்தில் இப்போது ஜவுளிக்கடை. அச்சு இயந்திரம் பழைய இரும்புக்குப் போயாயிற்று. பஸ்ஸில் யாரும் கவர் கொடுத்தனுப்புவதில்லை. மாரிமுத்து போன தை மாதம் இறந்துவிட்டார். அவர் கேட்ட நாலு வரி எந்தப் பேப்பரிலும் வரவில்லை.